நாயாற்றுக் கரைக் கிணறுகள்: ஆசனிக் நீக்கத்தில் செயற்கை நுண்ணறிவுக்கு உரிய இடம்

1. ஆய்வின் எல்லை

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய் வீதியில் தெற்கே போனால் அளம்பில், செம்மலை தாண்டி நாயாற்றுப் பாலம் வரும். கிழக்கே கடல், மேற்கே களப்பு, நடுவில் மணல். அந்த மணலில் தோண்டிய ஆழமில்லாத கிணறுகளைத்தான் அங்குள்ள வீடுகளும் கரைவலை மீனவர் தங்கும் வாடிகளும் நம்பியிருக்கின்றன. தண்ணீர் சவர்த்தால் நாக்கு சொல்லிவிடும், கலங்கினால் கண் சொல்லிவிடும். ஆசனிக் கலந்திருந்தால் எந்தப் புலனும் சொல்லாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்கவைத்தாலும் போகாது, நீர் ஆவியாகும் அளவுக்கு அதன் செறிவு கூடவே செய்யும்.

நாயாற்றுக் கிணறுகளில் ஆசனிக் இருக்கிறது என்று இக்கட்டுரை நிறுவ வரவில்லை. அந்தக் கேள்வியை எவ்வாறு கேட்பது, இருப்பதாகத் தெரிந்தால் எவ்வாறு நீக்குவது, இவ்விரண்டு வேலைகளிலும் செயற்கை நுண்ணறிவை எங்கே அமர்த்துவது என்பதே இதன் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கரையில் அந்தக் கருவிக்கு இரண்டு இடங்களில் உண்மையான வேலை உண்டு: எந்தக் கிணற்றை முதலில் சோதிப்பது என்று தெரிவதில் ஒன்று, பூட்டிய வடிகட்டி எப்போது கைவிடும் என்று முன்கூட்டி அறிவதில் மற்றது. இரண்டுக்குமே உள்ளூர்க் கிணறுகளில் கையால் எடுத்த அளவீடு முன்னே வரவேண்டும். அந்த அளவீடு இல்லாமல் வாங்கிவைக்கும் எந்த மென்பொருளும் வேறொரு நாட்டின் நிலத்தைப் பற்றித்தான் பேசும்.

2. நிலமும் நீரும்

இலங்கையின் நிலத்தடி நீரை பானபொக்கையும் பெரேராவும் 2005இல் ஆறு வகை நீர்ப்படைகளாக வகுத்தார்கள். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கற் படை ஒன்று. கரையோர மணற்படை இன்னொன்று. உலர்வலயம் முழுவதும் பரந்து கிடக்கும், கருங்கல் உக்கி உண்டான ஆழமற்ற படை மற்றொன்று. நாயாற்றில் இவற்றில் இரண்டு மிக நெருங்கி வருகின்றன. கரையில் மணல். உள்ளே குமுழமுனை, தண்ணிமுறிப்புப் பக்கம் போகப்போக உக்கிய கருங்கல். சில கிலோமீற்றருக்குள் நிலத்தின் குணமே மாறிவிடும் இடம் இது.

மணற்படையில் நன்னீர், உவர்நீரின் மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கலாம் என்பது பழைய கணக்கு. மேல்மட்டம் ஒரு சாண் இறங்கினாலும் கீழே இழப்பு பல மடங்கு. துலாவும் வாளியும் இருந்த காலத்தில் நல்ல தண்ணி தந்த கிணறு மோட்டர் பூட்டிய பிறகு சவர்த்துப்போன கதை கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் உண்டு. வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் பிடித்து மார்கழி, தை வரை வில்லையை நிரப்பும். ஆனி தொடக்கம் புரட்டாதி வரை அது மெலியும். ஆகவே மாசியில் எடுத்த நீர் மாதிரியும் ஆவணியில் எடுத்த நீர் மாதிரியும் ஒரே கிணற்றின் இரு வேறு தண்ணீர். திகதி குறிக்காத அளவீட்டை இந்தக் கரையில் தரவாகவே எண்ணக்கூடாது.

இதற்கு மேல் வரலாறும் சேர்கிறது. 1984இன் இறுதியில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு மக்கள் ஊரைவிட்டு எழுப்பப்பட்டார்கள். 2004 டிசெம்பரில் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையின் கிணறுகளை உப்பும் சேறுமாக நிரப்பியது. 2009க்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் தூர்ந்த கிணறுகளை இறைத்துத் துப்புரவாக்கியும் புதிதாக வெட்டியும் குடியேறினார்கள். ஆள் இல்லாத ஊரில் கிணற்று நீரை யார் அளப்பார்? ஒரு தலைமுறைக்கான பதிவு இங்கே வெற்றிடமாகக் கிடக்கிறது. பிந்தைய பிரிவுகளில் தரவு பற்றிப் பேசும்போது இந்த வெற்றிடத்தை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

3. அருகில் உள்ள சான்று: மன்னார்த் தீவு

வட மாகாணத்தில் ஆசனிக் பற்றி உறுதியாகப் பேச வைப்பது மன்னார்த் தீவு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ரோகண சந்திரஜித்தும் ஜேர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தவரும் இணைந்த குழு 2018இல் வெளியிட்ட ஆய்வு, அத்தீவின் ஆழமற்ற மணற்படை நீரில் ஆசனிக் இருப்பதைக் காட்டியது. உலக சுகாதார நிறுவனமும் இலங்கைக் குடிநீர்த் தரமான எஸ்.எல்.எஸ். 614உம் வகுத்த எல்லை லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். மன்னாரில் சில கிணறுகள் அதைக் கடந்தன. மிக உயர்ந்த அளவு 30ஐயும் தாண்டியது. தொழிற்சாலைக் கழிவு இதற்குத் தேவைப்படவில்லை. மணலுக்குக் கீழிருந்து மேலேறும் காபனேற்று மிகுந்த நீரும் மணற் படிவுகளின் வேதியியலும் சேர்ந்தே இதைச் செய்கின்றன.

மன்னார் மேற்குக் கரை, நாயாறு கிழக்குக் கரை. கீழே கிடக்கும் பாறை வேறு, மணல் வந்த வழி வேறு. ஆனாலும் இரண்டிலும் ஆழமற்ற கரையோர மணற்படை, சிப்பி கலந்த படிவு, உவர்நீரின் நெருக்கம் உண்டு. நாயாற்றில் களப்போரக் கண்டற்காடும் அதன் கறுப்புச் சேறும் இருக்கின்றன. ஒட்சிசன் அற்ற அந்தச் சேறு ஏன் முக்கியம் என்பது அடுத்த பிரிவில் வரும். மன்னாரின் முடிவை நாயாற்றின் மேல் ஒட்டிவைக்க முடியாது. நாயாற்றில் தேடிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல அது தாராளமாகப் போதும்.

வன்னியில் ஆசனிக் என்ற சொல்லைக் கேட்டதும் மக்களுக்கு நினைவு வருவது சிறுநீரக நோய். 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்து, பதவியா, மதவாச்சி, வவுனியாப் பக்கமெல்லாம் விவசாயக் குடும்பங்களைச் சிதைத்த, காரணம் துலங்காத நோய் அது. 2011இல் களனி, ரஜரட்டைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆசனிக்கைக் குற்றவாளியாக முன்னிறுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனமும் சுகாதார அமைச்சும் சேர்ந்து நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் கட்மியத்தின் பக்கம் கவனம் திரும்பியது. குடிநீரின் ஆசனிக் அங்கே பெரும்பாலும் எல்லைக்குள் இருந்தது. 2014இல் வன்னீரும் கிளைபோசேற்றும் பற்றிய கருதுகோள் வந்தது. 2015இல் கிளைபோசேற்று தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்ந்தது. இத்தனைக்கும் நடுவில் நோயாளி டயலிசிசுக்காக பஸ் ஏறிக்கொண்டிருந்தார். மணற்கரை ஆசனிக்கையும் உலர்வலயச் சிறுநீரக நோயையும் ஒரே கதையாகக் கட்டும் பழக்கத்தை ஆய்வாளர்களாவது விட்டுவிட வேண்டும். இரண்டும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டியவை.

4. வங்காளம் விலை கொடுத்துக் கற்றது

1983இல் கொல்கத்தாவின் வெப்பவலய மருத்துவப் பள்ளியில் தோல் மருத்துவர் கே. சி. சாகா, உள்ளங்கையிலும் காலிலும் தடித்த புள்ளிகளோடு வந்த கிராமத்தவர்களிடம் ஆசனிக் நஞ்சை அடையாளம் கண்டார். பங்களாதேசில் 1993இல் அது கிணற்றில் கண்டறியப்பட்டது. ஆற்றுப் படிவுகளில் இரும்பு ஒட்சைட்டைப் பற்றியிருந்த ஆசனிக், புதையுண்ட தாவரப்பொருள் உக்கி ஒட்சிசன் தீர்ந்த இடத்தில், இரும்பு கரையும்போது கூடவே நீரில் இறங்கியது. கண்டற் சேறு பற்றி மேலே குறிப்பிட்டதன் காரணம் இதுதான்.

பிரித்தானியப் புவியியல் ஆய்வகம் 1992இல் பங்களாதேசில் ஒரு நீர்த்தர ஆய்வு செய்தது. பல மூலகங்களை அளந்தார்கள், ஆசனிக்கை அளக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் தொடுத்த வழக்கு பிரித்தானியப் பிரபுக்கள் சபைவரை போய் 2006இல் தள்ளுபடியானது. சட்டம் எப்படித் தீர்த்தாலும் நீராய்வில் இருப்பவர்களுக்கு அந்த நிகழ்வு மறக்கக்கூடாதது. 'தண்ணி நல்லம்' என்று எழுதிக் கையில் தரும் அறிக்கையில் எந்தெந்தப் பொருள் அளக்கப்பட்டது என்ற பட்டியலை முதலில் வாசிக்க வேண்டும். கிருமியும் உப்பும் வன்மையும் மட்டும் பார்த்துத் தேறிய கிணறு ஆசனிக்கில் தேறியதாகாது.

அதே ஆய்வகம் 2001இல் பங்களாதேச அரசோடு சேர்ந்து 3,534 கிணறுகளின் முடிவை வெளியிட்டது. அதன்பின் ஏறத்தாழ ஐம்பது இலட்சம் குழாய்க் கிணறுகள் களக் கருவியால் சோதிக்கப்பட்டு, கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசப்பட்டன. அப்போது தெளிவான ஒன்று எல்லாக் கணிப்புக்கும் அடிப்படை: அயல்வீட்டுக் கிணறு பச்சை, நம் வீட்டுக் கிணறு சிவப்பு, இடைவெளி சில பத்து மீற்றர். ஆசனிக் ஊருக்கு ஊர் மட்டுமல்ல, கிணற்றுக்குக் கிணறும் மாறுகிறது.

5. கணிக்கும் மாதிரியுரு

5.1 உலக வரைபடம்

சுவிற்சர்லாந்தின் ஈவாக் நீராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோயல் பொட்கோர்ஸ்கியும் மைக்கல் பேர்க்கும் 2020இல் 'சயன்ஸ்' இதழில் உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். 50,000க்கு மேற்பட்ட அளவீடுகளோடு மண், காலநிலை, நில அமைப்பு பற்றிய விபரங்களைச் சேர்த்து, ஒவ்வொரு சதுர கிலோமீற்றரிலும் ஆசனிக் 10 மைக்கிரோகிராமைத் தாண்டும் வாய்ப்பு எவ்வளவு என்று கணித்தார்கள். ஆபத்தில் இருக்கக்கூடியவர்கள் 94 மில்லியன் முதல் 220 மில்லியன் வரை, பெரும்பாலோர் ஆசியாவில்.

அவர்கள் கையாண்டது எழுமாற்றுக் காடு என்னும் முறை. ஏராளமான முடிவு மரங்களை, ஒவ்வொன்றுக்கும் தரவின் ஒரு பகுதியை மட்டும் காட்டி வளர்ப்பார்கள். பிறகு எல்லாவற்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு வாக்கெடுப்பார்கள். ஊருக்கு ஊர் கிணறு வெட்டித் திரிந்த பல கிணற்றுக்காரரை ஒரு வளவில் கூட்டி, இங்கே எப்படித் தண்ணி வரும் என்று தனித்தனியே கேட்பதற்கு இது நிகர். ஒருவர் பார்த்தது குறைவாக இருக்கலாம். பலர் ஒன்றைச் சொன்னால் நம்பலாம். பலர் பலவாறு சொன்னால் அந்த இடத்தில் தோண்டித்தான் பார்க்க வேண்டும். பலவாறு சொல்லும் அந்த நிலைதான் நமக்கு மிகவும் பயன்படுவது. 5.3இல் அதற்குத் திரும்புவேன்.

உலக வரைபடம் எங்கே பணம் போட்டுத் தேடுவது என்று நாடுகளுக்குச் சொல்லும். நாயாற்றில் அதன் ஒரு கட்டத்துக்குள் கடலும் மணல்திட்டும் வீதியும் களப்பும் சேர்ந்து அடங்கிவிடும். அந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் பூசினாலும் ஒரு வீட்டுக் கிணற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

5.2 இடம் மாறினால் பிழையாகும் அறிவு

பங்களாதேசுக்காக உருவான 'ஐஆசனிக்' என்னும் செயலி, கிணறு இருக்கும் இடம், அதன் ஆழம், கிணற்றடிச் சீமெந்தில் படிந்த கறையின் நிறம் ஆகியவற்றைக் கேட்டு ஆபத்தைக் கணிக்கிறது. செங்கறை இரும்பைக் காட்டுகிறது, ஆகவே ஒட்சிசன் இல்லாத நீர், ஆகவே ஆபத்து. கருங்கறை மங்கனீசைக் காட்டுகிறது, ஆபத்து குறைவு. ஆய்வுகூடம் எட்டாத கிராமத்துக்கு எளிய, அறிவுள்ள வழி. அதை உருவாக்கியவர்களை நான் மதிக்கிறேன்.

அதையே நாயாற்றுக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? வங்காளத்தில் திறந்த கிணறுகள் காற்றுப்படுவதால், ஆசனிக்கைப் பொறுத்தமட்டில், பொதுவாகக் குழாய்க் கிணறுகளைவிடப் பாதுகாப்பானவை. அந்தப் பாடத்தைத் தரவிலிருந்து படித்த மாதிரியுரு (கணிக்கும் நிரல்), ஆழமற்ற திறந்த கிணறு என்று கேட்டவுடன் 'நல்லது' என்றே சாயும். மன்னாரில் ஆசனிக் கண்டதோ ஆழமற்ற மணற்படையில். வங்காளத்தில் படித்த மாதிரியுரு மன்னாரில் ஏமாறும் என்றால் நாயாற்றில் அதை ஏன் நம்ப வேண்டும்? எத்தனை இலட்சம் கிணறுகளில் பயிற்றப்பட்டது என்ற பெருமை இந்தக் கேள்விக்குப் பதிலாகாது. இந்தக் கரையில் எத்தனை கிணறுகளைப் பார்த்தது என்று கேட்க வேண்டும்.

5.3 துல்லியம் என்ற பொறி

நூறு கிணறுகள், அவற்றில் நான்கில் மட்டும் எல்லை மீறிய ஆசனிக் என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே நல்லவை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாதிரியுரு 96 வீதம் சரி. அறிக்கையில் அந்த எண் அழகாக இருக்கும். நான்கு வீட்டார் நஞ்சைக் குடிப்பார்கள். ஆகவே கேட்க வேண்டியது வேறு: அந்த நான்கில் எத்தனையைப் பிடித்தது? நான்கையும் பிடிப்பதற்காக இன்னும் இருபது நல்ல கிணறுகளைச் சந்தேகப்பட்டாலும் நட்டம் இருபது சோதனைகளின் செலவு. ஒன்றைத் தவறவிட்டால் நட்டம் ஒரு குடும்பத்தின் உடல்நலம். இந்த இரு பிழைகளுக்கும் வெவ்வேறு விலை என்பதை மாதிரியுருவுக்குள் எண்ணாக எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் இயந்திரம் இரண்டையும் ஒன்றாகவே எடுக்கும்.

பரிசோதிக்கும் முறையிலும் ஒரு குழி உண்டு. தரவை எழுமாற்றாகப் பிரித்து ஒரு பங்கில் பயிற்றி மறு பங்கில் சோதிப்பது வழக்கம். அப்படிச் செய்தால் ஒரு வளவின் கிணறு பயிற்சிக்கும் பக்கத்து வளவின் கிணறு சோதனைக்கும் போகும். மாதிரியுரு விடையை எட்டிப் பார்த்து எழுதிவிடும். அளம்பிலையும் செம்மலையையும் வைத்துப் பயிற்றி, கொக்குத்தொடுவாயை முழுதாக மறைத்துவைத்து அங்கே கணிக்கச் சொல்வதே நேர்மையான சோதனை.

இனி, மரங்கள் பலவாறு சொல்லும் இடம். முதற் சுற்றில் கரை, களப்போரம், உள்நிலம் மூன்றையும் தொடும்படி சில பத்துக் கிணறுகளை அளக்கிறோம். மாதிரியுரு தன் ஐயம் மிகுந்த இடங்களைக் காட்டுகிறது. அடுத்த சுற்று மாதிரிகள் அங்கிருந்து வருகின்றன. ஆய்வுகூடச் சோதனைக்குப் பணம் தட்டுப்படும் மாவட்டத்தில் இதைவிடப் பயனுள்ள வேலையை இந்தத் தொழில்நுட்பத்துக்குக் கொடுக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து.

6. நீக்கும் வழிகள்

முதலில் நீக்காமல் தப்பும் வழி. அருகில் நல்ல கிணறு இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதை எடுப்பது எல்லா வடிகட்டியையும்விட மலிவு. குளிக்க, துணி துவைக்க, கால் கழுவப் பழைய கிணறே போதும். ஆசனிக் தோல்வழி உடலில் சேர்வது மிகக் குறைவு. அடுத்தது மழைநீர். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் என்றால் 200 நாள் வறட்சிக்கு 4,000 லீற்றர். ஒரு 5,000 லீற்றர்த் தாங்கி மாரியில் நிரம்பினால் கணக்கு நேராகிவிடும். கிணற்றுக்குக் கிணறு முடிவு சொல்லும் எந்த நிரலிலும் 'வடிகட்டி வேண்டாம்' என்ற விடைக்கு இடம் இருக்க வேண்டும். கருவி விற்பவர் எழுதும் நிரலில் அந்த விடை இராது.

வேறு வழியில்லாத கிணறுகளுக்குத்தான் வேதியியல். நீரில் ஆசனிக் இரு வடிவில் இருக்கும். ஐவலு வடிவம் மின்னேற்றம் கொண்டது. இரும்பு ஒட்சைட்டின் மேற்பரப்பு அதைப் பற்றிக்கொள்ளும். மூவலு வடிவம் வழக்கமான நிலத்தடி நீரில் மின்னேற்றமின்றி நழுவும். முதலில் குளோரீன் போன்ற ஒன்றால் ஒட்சியேற்றினால் நன்றாகப் பிடிபடும். சிறுநீரக நோய்ப் பகுதிகளில் நூற்றுக்கணக்கில் நிறுவப்பட்ட, மக்கள் 'ஆர்ஓ தண்ணி' என்று சொல்லும் சவ்வு முறையிலும் இதே சிக்கல்: ஐவலு நன்றாக நீங்கும், மூவலு பெருமளவு தப்பிச் செல்லும். தவிர, அந்த முறை உள்ளே வாங்கும் நீரில் கணிசமான பங்கை உவர்க்கழிவாக வெளியே விடுகிறது. மெல்லிய நன்னீர் வில்லை மேல் வாழும் கரைக்கு அது சிறிய இழப்பல்ல.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பின் குழு உருவாக்கிய 'அம்ரித்' இரும்பு ஒட்சி-ஐதரொட்சைட்டை மிக நுண்ணிய துகள்களாக்கி, கைற்றோசனுக்குள் சிறைப்படுத்திய பொருள். கைற்றோசன் இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. களப்பு இறாலுக்குப் பேர்போன ஊருக்கு இது அயலான மூலப்பொருள் இல்லை. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் செம்பூறாங்கல்லைப் பதப்படுத்தி ஆசனிக் வடிகட்டி செய்தார்கள். வன்னியில் வீதிக்குப் பரப்பும் கிரவலும் இரும்புச் செம்மை உள்ளதே. எவ்வளவு பற்றும் என்பதை கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவோ ஒரு மாணவரின் ஆய்வாகவே தொடங்கி அளக்கலாம்.

புதிய பற்றுப்பொருளைத் தேடுவதிலும் செயற்கை நுண்ணறிவு புகுந்திருக்கிறது. வெளியான பரிசோதனைகளைத் திரட்டிப் பயிற்றி, எந்தப் பொருள் எவ்வளவு பற்றும் என்று கணிக்கிறார்கள். பயிற்சித் தரவின் பெரும்பகுதி ஆய்வுகூடத்தில் கலக்கிய தூய கரைசல்களிலிருந்து வந்தது. கிணற்றில் சிலிக்கா, இருகாபனேற்று, வயற்பசளையின் பொசுபேற்று எல்லாம் உண்டு. பொசுபேற்றின் அமைப்பு ஆசனேற்றின் அமைப்பை ஒத்தது. பற்றுமிடத்தை முந்திப் பிடித்துக்கொள்ளும். இந்தத் துறை நாயாற்றுக்கு உதவ இன்னும் காலம் செல்லும்.

7. வடிகட்டியின் ஆயுள்

வங்காளத்தில் நாட்டப்பட்ட ஆசனிக் வடிகட்டிகள் பல பொருளின் குறையால் தோற்கவில்லை. பொருள் நிரம்பியதை ஒருவரும் கவனிக்காததால் தோற்றன. நிரம்பிய வடிகட்டியிலிருந்து வரும் நீரும் தெளிவாகவே இருக்கும். ஆகவே இந்தக் கணக்கை விரித்துப் பார்ப்பது தகும்.

கிணற்றில் லீற்றருக்கு 30 மைக்கிரோகிராம். ஒரு வீட்டுக்கு நாளுக்கு 20 லீற்றர். பிடிக்க வேண்டியது நாளுக்கு 600 மைக்கிரோகிராம், அதாவது 0.6 மில்லிகிராம், வருடத்துக்கு ஏறத்தாழ 219 மில்லிகிராம். வடிகட்டியில் ஒரு கிலோ பொருள், கிராமுக்கு ஒரு மில்லிகிராம் பற்றும் என்று கொண்டால் மொத்தம் 1,000 மில்லிகிராம். நான்கரை வருடம் தாங்கும் என்று பெட்டியில் அச்சடிக்கலாம். அந்தக் கிணற்றில் பொசுபேற்றும் சிலிக்காவும் மிகுந்து, பற்றுந்திறன் கால்வாசியாகக் குறைந்தால் 250 மில்லிகிராம். பதினான்கு மாதம்கூட நிறையாது. திருவிழாவுக்கு உறவினர் வந்து தங்கினால், பக்கத்து வாடிக்காரருக்கும் தண்ணீர் கொடுத்தால், இன்னும் முன்னதாகவே. ஒரே பெட்டி, இரு வீடுகள், நான்கு மடங்கு வேறுபடும் ஆயுள். எல்லாருக்கும் ஒரே மாற்றுத் திகதி கொடுக்கும் திட்டம் சிலருக்கு வீண்செலவு, சிலருக்கு நஞ்சு.

மாதிரியுரு உண்மையில் பயன்தரும் இடம் இது. நீரில் ஆசனிக்கை இடைவிடாது அளக்கும் மலிவான உணரி சந்தையில் இல்லை. ஆனால் பாய்ந்த நீரின் அளவை ஒரு சாதாரண மீற்றர் சொல்லும்; பிஎச், மின்கடத்துதிறன் இரண்டையும் கைக்கருவி சொல்லும்; பொசுபேற்றையும் சிலிக்காவையும் தொடக்கத்தில் ஒருமுறையும் மழைக்குப் பிறகு ஒருமுறையும் ஆய்வுகூடத்தில் எடுக்கலாம். இவற்றிலிருந்து எந்த வீட்டின் வடிகட்டி எந்த மாதத்தில் எல்லையைக் கடக்கும் என்று கணித்து, அதற்கு முன்பே சோதனைக்கு ஆள் அனுப்பலாம். ஒவ்வொரு சோதனை முடிவும் திரும்ப உள்ளே போய் அடுத்த கணிப்பைத் திருத்தும். பெரிய கணினி வேண்டாம். ஒரு மடிக்கணினியும் பிழையில்லாமல் பதிவெழுதும் ஒருவரும் போதும்.

களச் சோதனையிலும் ஒரு சிறிய உதவி கிடைக்கும். நீரோடு வினைபொருள் சேர்த்துப் போத்தலை மூடினால் ஆசனிக் ஆசீன் வாயுவாகி மேலே எழும். மூடியிலுள்ள இரசப் புரோமைட்டுத் தாள் வெள்ளையிலிருந்து மஞ்சளாகும், மிகுந்தால் பழுப்பாகும். 10 மைக்கிரோகிராம் அருகே அந்த மஞ்சள் மிக வெளிறியது. வெயிலில் ஒருவர் இருக்கிறது என்பார், நிழலில் மற்றவர் இல்லை என்பார். கைத்தொலைபேசிக் கமரா, நிற அட்டையைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து ஒப்பிட்டால் இந்தக் கண் வேறுபாடு குறையும். எல்லைக்கு அருகே வரும் முடிவுகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பியே தீர வேண்டும். ஆசீன் நச்சுவாயு, சோதனையைக் குசினிக்குள் செய்யாமல் திறந்த வெளியில் செய்ய வேண்டும்.

8. யார் அளப்பது, யாருக்குச் சொல்வது

தரவின் வெற்றிடம் ஒழுங்கற்றது. வாகனம் போகும் வீதியோரக் கிணறுகளிலிருந்து மாதிரி வரும். காட்டோரத்திலும், ஆள் புக முடியாத காணிகளிலும், பருவத்துக்கு மட்டும் நிறையும் வாடிகளிலும் இருந்து வராது. மாதிரியுரு அந்த இடங்களில் வீதியோரத்தின் விடையையே நம்பிக்கையோடு சொல்லும். அளவீடு இல்லாத இடத்தை வரைபடத்தில் பச்சையாகக் காட்டுவது பொய் சொல்வதற்குச் சமம். அதை வெறுமையாகவே விட வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணற்று நீரில் கழிவெண்ணெய்க் கலப்பு வெளிப்பட்டபோது ஒரு குழு ஒன்று சொன்னது, வேறொரு நிறுவனம் இன்னொன்று சொன்னது. வலிகாமத்து மக்கள் பவுசருக்காக வாளியோடு நின்றார்கள். அறிவியலின் மேல் அப்போது விழுந்த ஐயம் இன்றும் நீங்கவில்லை. ஆகவே நாயாற்றில் முடிவு முதலில் கிணற்றுக்கு உரிய வீட்டாருக்கே போக வேண்டும். எந்த நாளில் எடுத்தது, என்ன அளவு, எந்த எல்லை, குடிக்கலாமா, குளிக்கலாமா, அடுத்த சோதனை எப்போது என்பதைத் தமிழில் எழுதிய ஒரு துண்டு, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையால் நேரே கொடுக்கப்பட வேண்டும். பருவத்துக்கு வந்து தங்கும் சிங்களத் தொழிலாளரும் அதே கிணற்றில்தான் குடிக்கிறார்கள், அவர்களுக்குச் சிங்களத்தில். 'ஆபத்து 0.62' என்று இயந்திரம் தரும் எண்ணை அப்படியே நீட்டுவது எவருக்கும் உதவாது. கணிப்பை வைத்து ஒரு கிணற்றைக் கெட்டது என்று அறிவிக்கவும் கூடாது. கணிப்பு சோதனைக்கு அழைக்கும்; தீர்ப்பை அளவீடு சொல்லும்.

9. பிடித்த நஞ்சு எங்கே போகும்

வடிகட்டி ஆசனிக்கை அழிப்பதில்லை, சேர்த்துவைக்கிறது. பயன்முடிந்த இரும்புப் பொருளைக் களப்போரச் சேற்றில் கொட்டினால் வங்காளத்தின் படிவுகளில் நடந்ததே இங்கே சிறு அளவில் நடக்கும்: ஒட்சிசன் அற்ற சேற்றில் இரும்பு கரையும், ஆசனிக் நீரில் இறங்கும், இறால் குஞ்சு வளரும் இடம் அதைக் குடிக்கும். மலசலகூடக் குழியில் போட்டாலும் அதே வேதியியல். உலர்ந்த, காற்றுப்படும் இடத்தில் வைத்து, சீமெந்துக் கலவையில் கட்டியாக்கி, பிரதேச சபை பொறுப்பில் ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். வீட்டுக்கு வருடத்தில் ஒரு கிலோ அளவுதான். தொடக்கத்திலேயே ஒழுங்கு செய்தால் கடினமில்லை. வடிகட்டி எந்த வீட்டுக்கு எப்போது போனது என்ற அதே பதிவேட்டில், பழைய பொருள் திரும்பி வந்ததா என்று குறிக்கும் இடமும் இருக்க வேண்டும்.

10. செய்யத்தக்க ஒழுங்கு

முதல் வருடத்தில் வடிகட்டியும் வேண்டாம், மென்பொருளும் வேண்டாம். அளம்பில் தொடக்கம் கொக்கிளாய் வரை, கரை, களப்போரம், உள்நிலம் மூன்றிலும் தெரிந்தெடுத்த கிணறுகளில் மாசியில் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை நீர் எடுக்க வேண்டும். அளக்க வேண்டியவை ஆசனிக், இரும்பு, மங்கனீசு, பொசுபேற்று, சிலிக்கா, புளோரைட், வன்மை, மின்கடத்துதிறன், பிஎச். புளோரைட்டை விட்டுவிடக்கூடாது; உள்நிலத்துக் கருங்கல் நீரில் ஆசனிக்கைவிட அதுவே பெரிய கேள்வியாக இருக்கக்கூடும். கிணறு எந்த வருடம் வெட்டியது, ஆழிப்பேரலையில் மூழ்கியதா, மோட்டர் உண்டா, எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்பவற்றை வீட்டாரிடம் கேட்டு எழுத வேண்டும். கிணற்றின் கதையை அறிந்தவர்கள் அவர்கள்தான்.

இரண்டாம் வருடத்தில் அந்தத் தரவால் மாதிரியுருவைப் பயிற்றி, ஐயம் மிகுந்த இடங்களுக்கு இரண்டாம் சுற்றை அனுப்பலாம். முதற் சுற்றில் எல்லை மீறிய கிணறு ஒன்றாவது கிடைத்தால் அந்த வீட்டுக்கு மாற்று நீர் அன்றைக்கே போக வேண்டும், மாதிரியுருவுக்காகக் காத்திருக்கக்கூடாது. ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த முடிவையும் அதே அக்கறையோடு வெளியிட வேண்டும். 'இங்கே அளந்தோம், இத்தனை கிணறுகளில், இந்த இரு பருவங்களில், எல்லைக்குள் இருந்தது' என்ற பதிவு நாயாற்றுக் குடும்பங்களுக்கு உரிய பதில். வறட்சி நீண்டு வில்லை மெலிந்த வருடம் ஒன்றில், அதே கிணறுகளுக்கு அதே போத்தல்களோடு மறுபடி போக வேண்டும்.